மரம் என்று போர்டில் எழுதி வாய்க்கால் வெட்டச் சொல்லித்தரும் ஒரு கணக்கு வகுப்பு

பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம், எழுந்து நடந்தால் டியூசன் சென்டர். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே இங்கே பீஸை ஏற்றிவிட்டார்கள் என்பது எனக்கு ரொம்ப நாளாக உள்ள சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடுதான் சமாதானபுரத்துப் பக்கம் ஒரு மாடிவீட்டில் நடக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மகளைச் சேர்த்தேன். நிகழ்தகவு மட்டும்தான் பாடம், ஆறு ஞாயிறு, காலை ஆறரையிலிருந்து எட்டரை, மொத்தமாக 900 ரூபாய். எடுப்பவர் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். பேரைப் போடாதீங்க, இருக்கிற இருபது பிள்ளைகளுக்கே பாய் பத்தவில்லை என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. அந்தப் பக்கம் விசாரித்தால் சொல்வார்கள்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்த வகுப்பின் அருமை தெரியாது. என் மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் மீடியம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டாவது பாடம், அதாவது கடைசிப் பாடம், புள்ளியியலும் நிகழ்தகவும். கடைசிப் பாடத்துக்கு என்ன கதி வரும் என்று எல்லோருக்கும் தெரியும், திருப்புதல் தேர்வு நெருங்குகிற அவசரத்தில் ஓட்டமாக ஓட்டிவிடுவார்கள். அதற்கு முன்னால் வருசம் முழுக்கப் பணம் கட்டிப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய சென்டரில் (ஏசி உண்டு, பயோமெட்ரிக் உண்டு, மதிப்பெண்ணை அப்பா போனுக்கு அனுப்பும் ஆப் கூட உண்டு) இந்தப் பாடத்தை ஒரே வரியில் முடித்தார்கள்: கேள்வியில் ‘மற்றும்’ வந்தால் பெருக்கு, ‘அல்லது’ வந்தால் கூட்டு. பிள்ளையும் அதை வேதவாக்காக நோட்டில் கட்டம் கட்டி எழுதிவைத்திருந்தாள். அடுத்த பரீட்சைக்கு வந்த கேள்வியில் ‘மற்றும்’ இல்லை, ‘அல்லது’ இல்லை. ‘இரண்டும் ஒரே நிறமாக இருக்க’ என்று இருந்தது. முடிந்தது சோலி.

அதைவிடப் பெரிய கூத்து வீட்டில் நடந்தது. இரண்டு தடவை நாணயம் சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ நிகழ்தகவு என்ன என்று நான்தான் கேட்டேன். அவள் யோசித்து, முதலிலேயே தலை விழுந்தால் அப்புறம் பார்க்க வேண்டாம், அது ஒன்று; முதலில் பூ, அடுத்துத் தலை, அது ஒன்று; இரண்டும் பூ, அது ஒன்று; மூன்றில் இரண்டு நமக்குச் சாதகம், ஆக 2/3 என்றாள். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. எனக்கு 3/4 என்பது ஞாபகம் இருந்ததே தவிர, அவள் சொன்னதில் எங்கே ஓட்டை என்று சொல்லத் தெரியவில்லை. டவுனில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற ஆளிடம் அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பீர்கள்.

முதல் ஞாயிறு அவளை விட்டுவிட்டு அந்த ஓட்டைக் கேள்வியையும் சாரிடம் சொல்லிவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே போர்டில் அந்த மூன்று வழியையும் அப்படியே வரைந்தார். இடது ஓரத்தில் ஒரு புள்ளி. அதிலிருந்து மேலே ஒரு கோடு தலை, கீழே ஒரு கோடு பூ. பூ முடிகிற இடத்திலிருந்து மறுபடி இரண்டு கோடு. ஆக மூன்று நுனி. இப்படிக் கிளை கிளையாகப் பிரியும் படத்துக்குப் புத்தகத்தில் மர வரைபடம் என்று பேர்.

“ஏட்டி, நீ சொன்ன மூணு நுனியும் இந்தா இருக்கு. தப்பு ஒண்ணுமில்ல. ஆனா மூணு நுனிக்கும் தண்ணி ஒண்ணுபோலப் பாயுதா?”

“தண்ணியா சார்?”

“மரம்னு பேரு வச்சவன் வயக்காட்டுப் பக்கமே போகாதவன். நமக்கு இது வாய்க்கா. தலைமடையில ஒரு பங்குத் தண்ணி வருது. மொத மடையில பாதி மேல போயிட்டு, பாதி கீழ போயிட்டு. கீழ போன பாதிதான் திரும்பப் பாதி பாதியாப் பிரியுது. அப்ப நுனிக்கு நுனி எவ்வளவு?”

மகள் எண்ணிப் பார்த்து 1/2, 1/4, 1/4 என்றாள். சொல்லும்போதே விளங்கிவிட்டது. தலை உள்ள நுனிகள் 1/2-ம் 1/4-ம், கூட்டினால் 3/4. அவள் தப்பு, மூன்று வழி இருக்கிறது என்றதில் இல்லை, மூன்று வழிக்கும் சம எடை கொடுத்ததில். இதே தப்பை டாலம்பேர் என்ற பெரிய பிரெஞ்சுக் கணித மேதை 1754-ல், அதுவும் ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையில், இதே மாதிரி 2/3 என்று எழுதி வைத்திருக்கிறார் என்று சார் சொன்னதும் பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. மட்டம் தட்டாமல் திருத்துவது என்பதை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அதே படத்தை அழிக்காமல் இன்னொரு கணக்கு போட்டார். இரண்டு பையன்கள் கேரம் ஆடுகிறார்கள், சம திறமை, மூன்று ஆட்டத்தில் முதலில் இரண்டு ஜெயிப்பவனுக்கு 100 ரூபாய். ஒருவன் முதல் ஆட்டம் ஜெயித்ததோடு கரண்ட் போய்விட்டது, பணத்தை எப்படிப் பிரிப்பது? ஆளுக்கு ஐம்பது என்றது ஒரு கூட்டம், ஜெயித்தவனுக்கே முழுசும் என்றது ஒரு கூட்டம். சார் ‘தலை’ என்று எழுதியிருந்ததை அழித்து ‘முன்னால் நிற்பவன் ஜெயம்’ என்று எழுதினார், அவ்வளவுதான். 75-க்கு 25. 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்ட பங்கு பிரிக்கும் கணக்கு இந்த வகைதான், நிகழ்தகவு என்ற பாடமே அந்தக் கடிதங்களில்தான் சூடு பிடித்தது என்றார்.

இந்த வாய்க்கால் பேச்சு இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனே ஏறுகிறது. பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் என்று எதையாவது தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒவ்வொரு மடையிலும் பிரிகிற பங்குகளைக் கூட்டினால் வந்த தண்ணீரே வர வேண்டும், அதாவது ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் கிளைகளின் கூட்டுத்தொகை 1. கடைசி நுனிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 1. வரவில்லையா, எங்கேயோ கரை உடைந்திருக்கிறது, போய்ப் பார். பிள்ளைகள் நோட்டைக் காட்டினால் அவர் விடையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் பார்க்கிறார், சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு மடையிலும் ஒரு சின்ன டிக். பெருக்கல் கூட்டல் குழப்பத்துக்கும் இதிலேயே தீர்வு. ஒரே வாய்க்கால் வழியே போய்க்கொண்டிருந்தால் பெருக்கு, நுனியிலிருந்து நுனிக்குத் தாவினால் கூட்டு. ‘மற்றும்’, ‘அல்லது’ எல்லாம் கேள்வித்தாளில் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது வாரம் மிட்டாய். துணிப்பையில் சிவப்புத் தாள் சுற்றிய மிட்டாய் ஐந்து, பச்சைத் தாள் மூன்று. பார்க்காமல் ஒன்று எடுக்க வேண்டும், எடுத்ததைத் தின்ன வேண்டும், அப்புறம் இன்னொன்று. ‘மீண்டும் வைக்கப்படாமல்’ என்று கேள்வியில் வருமே, அதை இதைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது, தின்றதை எப்படித் திரும்ப வைப்பது! முதல் கிளையில் 5/8, 3/8. சிவப்பைத் தின்றவனுக்கு அடுத்த கிளையில் 4/7, 3/7. பச்சையைத் தின்றவனுக்கு 5/7, 2/7. கீழே உள்ள எண் எட்டிலிருந்து ஏன் ஏழாகிறது என்று யாரும் கேட்கவில்லை, வாயில் இருக்கிறதே. இரண்டும் ஒரே நிறமாக இருக்க, மேல் நுனி 20/56, கீழ் நுனி 6/56, சேர்த்து 26/56, சுருக்கினால் 13/28. எடுத்ததைத் திரும்ப வைத்தால் அது 17/32 ஆகிவிடும், அதையும் பக்கத்திலேயே போட்டுக் காட்டினார். ஏசி சென்டரில் என் பிள்ளை கோட்டைவிட்ட கணக்கு இந்த வகைதான்.

மூன்றாவது வாரம் புளியங்கொட்டை. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. எங்கள் ஆச்சி காலத்தில் தாயம் ஆட, புளியங்கொட்டையை ஒரு பக்கம் சிமெண்டுத் தரையில் உரசி உரசி வெள்ளையாக்குவோம், ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. உரசிய சூட்டில் பக்கத்தில் இருக்கிறவன் கையில் வைத்து அலறவிடுவதும் உண்டு, அது தனிக் கதை. பிள்ளைக்கு ஒரு கொட்டை கொடுத்து வெள்ளையா கறுப்பா என்று 50 தடவை போட்டு எழுதச் சொன்னார். என் மகளுக்கு வெள்ளை 29, கறுப்பு 21. பக்கத்துப் பிள்ளைக்கு வேறு எண், கொட்டைக்குக் கொட்டை உரசல் வேறு. பாடப் புத்தகத்து நாணயம் எப்போதும் பாதிக்குப் பாதி, உலகம் அப்படி இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மகளின் கிளைகளில் 0.58, 0.42 என்று எழுதச் சொன்னார். இரண்டு தடவையும் வெள்ளை விழ 0.58 பெருக்கல் 0.58, அதாவது 0.3364, ஏறக்குறைய மூன்றில் ஒன்று. சோதனை செய்து பார்த்து வரும் நிகழ்தகவு வேறு, கணக்குப்படி வரும் நிகழ்தகவு வேறு என்பது புத்தகத்தில் ஒரு பத்தியாகத் தூங்கிக்கொண்டிருக்கும், இங்கே அது தரையில் உருண்டது. வீட்டுக்கு வந்து என் அம்மாவும் பேத்தியும் இன்னும் நூறு தடவை போட்டார்கள், அந்த வாரம் இட்லிக்கு மாவு ஆட்ட மறந்துபோனது.

நான்காவது வாரம் கொஞ்சம் சொதப்பல், அதையும் சொல்ல வேண்டும். இரண்டு பகடை உருட்டும் கணக்கை மர வரைபடத்தில் போடுவது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆறு கிளை, ஒவ்வொன்றிலும் ஆறு, 36 நுனி. சாரின் போர்டு சின்னது, பழைய கரும்பலகை. மேலே ஆரம்பித்து நான்காவது கிளைக்கு வரும்போது இடம் தீர்ந்துவிட்டது, மீதியைச் சுவரில் வரையவா என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாரே தவிர அரை மணி நேரம் போனது போனதுதான். என் மகள் அதை நோட்டில் போட ஏறத்தாழ கால் மணி நேரம் எடுத்தாள், பரீட்சை ஹாலில் இது கட்டுப்படியாகாது. அப்புறம் அவரே, பகடைக்குக் கட்டம்தான் சரி, ஆறுக்கு ஆறு கட்டம் போட்டுக் கூட்டுத்தொகையை உள்ளே எழுதிக்கொள், மூன்று பகடை என்றால் 216 நுனி, வரைய ஆரம்பித்தால் கோட்டி பிடித்துவிடும் என்று முடித்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்! ஆனால் ஒன்று, மரத்தை எங்கே வரையக் கூடாது என்றும் சொல்லித்தருகிற ஆளை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. 52 சீட்டில் அடுத்தடுத்து இரண்டு ஏஸ் வர நிகழ்தகவு கேட்டால் 52 கோடு இழுக்காதே, ஏஸ், ஏஸ் இல்லை, இரண்டே கிளை போதும்: 4/52 பெருக்கல் 3/51, 1/221. கேள்விக்கு எது வேண்டுமோ அதை மட்டும் பிரி, மிச்சத்தை ஒரே வாய்க்காலில் விடு.

இந்த வகுப்பில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் கலந்து உட்காருகிறார்கள். அதனால் ஐந்தாவது வாரம் பேயீஸ் தேற்றம், பத்தாம் வகுப்புக்கு அது வேண்டாம்தான், என் மகள் பாதி நேரம் கொட்டாவி விட்டாள். படிக்கட்டில் இருந்த நான்தான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். சார் சொன்னது இதுதான்: இதுவரை தலைமடையிலிருந்து கீழே வந்தோம். இப்போது கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்து மேலே நின்று தாமிரபரணியில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டுகொள். இந்தச் செம்பில் இருக்கிறது சேர்வலாற்றுத் தண்ணீரா, மணிமுத்தாற்றுத் தண்ணீரா, கடனாநதியா, பச்சையாறா? முடிவு கையில் இருக்கிறது, மூலத்தைக் கேட்கிற கணக்கு. ஒவ்வொரு ஆறும் இங்கே எவ்வளவு கொண்டுவந்து சேர்க்கிறதோ அதை மொத்தத்தால் வகுத்தால் தீர்ந்தது, அதுதான் தேற்றம், பெரிய சூத்திரத்தைப் பார்த்து மிரள வேண்டாம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “சிற்றாறு சார்?” என்றான்.

அதற்கு முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, “சிற்றாறு சீவலப்பேரியிலதானல கூடுது, இங்கன எப்படி வரும்?” என்றாள்.

“அப்ப சிற்றாறுக்கு நிகழ்தகவு எவ்வளவு?”

“சுழி சார்!” என்று வகுப்பே கத்தியது. இயலா நிகழ்ச்சிக்கு நிகழ்தகவு 0 என்பதை இனி அந்தப் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்காது.

அன்றைக்கு மதியம் கடையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பில் புக்கின் பின்பக்கம் நானே ஒரு படம் போட்டேன். எனக்கு எல்இடி பல்பு இரண்டு ஏஜென்சியிலிருந்து வருகிறது. நூற்றுக்கு 60 முதல் ஆளுடையது, 40 இரண்டாவது ஆளுடையது. முதல் ஆள் சரக்கில் நூற்றுக்கு 2 ரிட்டர்ன், இரண்டாவது ஆள் சரக்கில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள் (என் கணக்கு கிட்டத்தட்ட அப்படித்தான், சரியான எண்ணைச் சொன்னால் இரண்டு பேரும் சண்டைக்கு வருவார்கள்). ஆயிரம் பல்பு விற்றால் முதல் வாய்க்காலில் 600, அதில் ரிட்டர்ன் 12. இரண்டாவதில் 400, அதில் ரிட்டர்ன் 20. ஆக, எரியாத பல்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து “என்ன அண்ணாச்சி, ஒரு மாசம் கூட எரியல” என்கிறாரே வாடிக்கையாளர், அந்தப் பல்பு இரண்டாவது ஆள் சரக்காக இருக்க 32-க்கு 20, அதாவது 5/8. கம்மியாக விற்கிற சரக்குதான் அதிகமாகத் திரும்பி வருகிறது. பதினைந்து வருசம் கடை நடத்துகிறேன், ரிட்டர்ன் அட்டைப்பெட்டியை யார் கணக்கில் எழுதுவது என்று குத்துமதிப்பாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, “அப்பா, நுனி எல்லாத்தையும் கூட்டினீங்களா, ஆயிரம் வருதா?” என்று சிவப்புப் பேனாவை எடுத்தாள். 12, 588, 20, 380. வந்தது. டிக் போட்டாள்.

ஆறாவது வாரம் முழுக்கப் பழைய கேள்விகள், அதில் எழுத ஒன்றும் இல்லை.

குறைகள். கொசு. ஆறரை மணிக்கே கொசு, மாடியில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் சாருக்கு நேர் மேலே. அச்சடித்த நோட்ஸ் கிடையாது, லீவு போட்டால் அந்த வாரம் போனது போனதுதான், பக்கத்துப் பிள்ளை நோட்டை வாங்கிக் காப்பி பண்ண வேண்டும். சார் பேச்சு சில நேரம் ஊர்க்கதைக்குப் போய் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றுவிடும், யாராவது இருமினால்தான் திரும்பி வருவார். எட்டரை என்பது ஒருநாளும் எட்டரை இல்லை. இன்னொன்று, விடையை எந்த வரிசையில் எழுதினால் மார்க் என்று அவர் சொல்லித்தருவதில்லை, கூறுவெளியை, அதாவது வரக்கூடிய எல்லா முடிவுகளையும், எழுதி n(S), n(A) (மொத்தம் எத்தனை, நமக்குச் சாதகம் எத்தனை) என்று படிப்படியாகப் போடும் பழக்கத்தை வீட்டில் தனியாக உட்காரவைத்து எழுத வைத்தோம். மார்க் மட்டுமே குறி என்றால் இந்த வகுப்பு முழுசாகப் போதாது. பாடம் புரிய வேண்டும் என்றால் 900 ரூபாய் கொள்ளை மலிவு. ஐந்துக்கு நாலேகால் கொடுப்பேன், அந்தக் கால் புளியங்கொட்டைக்கு.

அடுத்த சுற்று அரைப்பரீட்சை லீவு முடிந்ததும் ஆரம்பிக்கும் என்றார். வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிடுங்கள், உள்ளே திருப்ப இடமில்லை. மாடிப்படியில் மூன்றாவது படி ஆடும். கோடு போடாத பெரிய நோட்டு வாங்கிக் கொடுங்கள், குறுக்குவாட்டில் வைத்து வரைந்தால்தான் மூன்றாவது கிளைக்கு இடம் இருக்கும்.